சூப்பர்கார் ரிவ்யூ பண்ண வேலைய விடலாமா? ஒரு சர்வீஸ் அட்வைசர் தம்பிக்கு பதில்

இந்த தடவை வந்த லெட்டர் ஏழு பக்கம். முழுசா போட முடியாது, அதனால முதல்ல சுருக்கி சொல்லிடறேன், எழுதினவர் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்திருக்கேன்.

வயசு 27, கொங்கு பக்கம். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடிச்சுட்டு ஒரு கார் டீலர்ஷிப்ல 5 வருஷமா சர்வீஸ் அட்வைசரா இருக்கார். ஸ்கூல் நோட்டு அட்டைல ஃபெராரி ஸ்டிக்கர் ஒட்டின காலத்துல இருந்தே கார் பைத்தியம், இப்போ தமிழ்ல சூப்பர்கார் ரிவ்யூ சேனல் ஆரம்பிக்கணும்னு இருக்கார். அவங்க கஸ்டமர் ஒருத்தர், பனியன் ஏற்றுமதி பண்றவர், தன்னோட லம்போர்கினி ஹுராக்கானை ஒரு ஞாயித்துக்கிழமை தர்றேன்னு சொல்லிருக்கார், ஆனா வீடியோ போடறதுக்கு முன்னாடி தனக்கு காட்டணும், பிடிக்காததை எடுத்துடணும்னு கண்டிஷன். காரை கழுவி பாலிஷ் போடற ஒரு டீடெய்லிங் கடைக்காரர் 40,000 ரூபா தர்றாராம், ஸ்பான்சர்னு சொல்லாம பேச்சுவாக்குல கடை பேரை சொல்லிட்டா போதுமாம். இது போக வேலைய விட்டுட்டு, 3 லட்சம் பெர்சனல் லோன் போட்டு, துபாய் போய் நாலஞ்சு சூப்பர்காரை வாடகைக்கு எடுத்து ஒரே மூச்சுல பத்து வீடியோ எடுத்துட்டு வர்ற பிளான் வேற. அண்ணன் "உனக்கு மூஞ்சியும் இல்ல, இங்கிலீஷும் வராது"ங்கறார், அம்மா பேச்சையே நிறுத்திட்டாங்க. கடைசி வரி இது: "சார், நல்ல சூப்பர்கார் ரிவ்யூவருக்கு என்ன வேணும்? என்கிட்ட அது இருக்கா?"

தம்பி, உங்க லெட்டர்ல நான் ரெண்டு தடவை படிச்ச இடம் லம்போர்கினி பத்தி எழுதின இடம் இல்ல. மூணாவது பக்கத்துல, "வண்டி இழுக்கல"ன்னு ஒரு பெரியவர் மூணு தடவை வந்து மூணு தடவையும் ஃபில்டர் மாத்தி அனுப்பிட்டாங்க, நாலாவது தடவை நீங்க அவர் பக்கத்துல உக்காந்து 4 கிமீ போனீங்க, மேடு ஏறும்போது ஆர்பிஎம், அதாவது என்ஜின் சுத்தற வேகம் ஏறுது, வண்டி வேகம் ஏறலைன்னு பாத்தீங்க, அது பவர் கம்மி இல்ல, கிளட்ச் வழுக்கி பவர் சக்கரத்துக்கு போகாத கிளட்ச் ஸ்லிப்புன்னு சொன்னீங்க. இதை ஏதோ ஆஃபீஸ் கதை மாதிரி போற போக்குல எழுதிட்டு போயிட்டீங்க. நான் ஒரு மோட்டார் பத்திரிகைல 19 வருஷம் கார் டெஸ்ட் பண்ணவன், இப்போ புதுசா வர்ற பசங்களுக்கு சொல்லிக்குடுக்கறேன், அவங்ககிட்ட நான் கெஞ்சிக்கேட்டும் கிடைக்காத விஷயம் இதுதான். ஒரு மனுஷன் உடம்புல பட்டதை வார்த்தையா சொல்றான், அந்த வார்த்தைக்கு பின்னாடி என்ன காரணம்னு நீங்க கண்டுபிடிக்கறீங்க. ரிவ்யூவர் வேலை இதையே திருப்பி போட்டது. உங்க உடம்புல பட்டதை, ஏன் அப்படி படுதுங்கற காரணத்தோட, அந்த சீட்ல உக்காரவே போகாத ஆளுக்கு வார்த்தையா குடுக்கணும்.

சூப்பர்கார் வீடியோ பாக்கறவங்கள்ல அநேகமா யாரும் அதை வாங்கப்போறதில்ல. காலேஜ் பையன், கல்ஃப்ல லாரி ஓட்டற அண்ணன், நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு பஸ்ல வர்ற பொண்ணு. அவங்க சார்பா உள்ள உக்காந்திருக்கற ஆள் நீங்க. "வேற லெவல் மக்களே"ன்னு கத்தினா நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு மட்டும்தான் அவங்களுக்கு தெரியும், கார் எப்படி இருக்குன்னு தெரியாது.

"மாஸா இருக்கு"ன்னா என்ன?

உங்களுக்கு கிடைக்கப்போற ஹுராக்கானையே எடுத்துக்குவோம். 2014ல வந்த கார், 5.2 லிட்டர் வி10, அதாவது பத்து சிலிண்டர் என்ஜின், டர்போ கிடையாது. கால் கட்டைவிரலை லேசா அழுத்தினாலே வண்டி அந்த நொடியே கேக்குது. ஏன்னா டர்போ இருந்தா எக்ஸாஸ்ட் காத்து ஒரு சின்ன டர்பைனை சுத்தவிட்டு, அது உள்ள போற காத்தை அழுத்தணும், அதுக்கு ஒரு கண நேரம் ஆகும். மெக்லாரன் 720எஸ்ல 4 லிட்டர் வி8 ரெட்டை டர்போ, அதுல கீழ் ஆர்பிஎம்ல ஒரு மூச்சு நேரம் காத்திருந்து அப்புறம் மேட்டூர்ல ஷட்டர் தூக்கின மாதிரி வரும். எது நல்லதுன்னு சொல்ல வேண்டியதில்ல, ரெண்டும் எப்படி வேறங்கறதை சொன்னா போதும், பாக்கறவர் தனக்கு எது பிடிக்கும்னு முடிவு பண்ணிக்குவார். ஹுராக்கானுக்கு அடுத்து 2024ல காட்டின டெமராரியோல 4 லிட்டர் வி8 ரெட்டை டர்போவும் ஹைப்ரிடும் வந்துடுச்சு, அதனால அந்த வி10 போனதுல என்ன போச்சுன்னு சொல்றதுக்கே ஒரு முழு வீடியோ ஆகும்.

குறைக்கும் காரணம் வேணும். ஆரம்பகால ஹுராக்கான்ல வளைவுல முன்பக்கம் வெளிய தள்ளுதுன்னு நிறைய டெஸ்டர்கள் சொன்னாங்க, எக்ஸ்ட்ரா காசு குடுத்து போடற, வேகத்துக்கு ஏத்த மாதிரி திருப்பற அளவை மாத்தற வேரியபிள் ஸ்டியரிங், ரோடு எப்படி இருக்குன்னு கைக்கு சேதி சொல்ல மாட்டேங்குதுன்னும் சொன்னாங்க. நீங்க ஓட்டப்போற வண்டில அந்த ஆப்ஷன் இருக்கா இல்லையா, டயர் எந்த கம்பெனி, எந்த வருஷம், எவ்வளவு தேஞ்சிருக்கு, இதெல்லாம் கேமரா ஆன் பண்றதுக்கு முன்னாடி நீங்க குனிஞ்சு பாத்திருக்கணும். கார்பன் செராமிக் பிரேக் குளிர்ந்து இருக்கும்போது ஒரு மாதிரியும் சூடேறினப்புறம் வேற மாதிரியும் பிடிக்கும், தெரியாத ஆள் முதல் சிக்னல்லயே "பிரேக் சரியில்ல"ன்னு சொல்லிடுவான்.

வெளிநாட்டுல பேர் வாங்கினவங்களை பாருங்க, ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்ல. டிஃப் நீடெல் 1980ல பெல்ஜியம் கிராண்ட் பிரிங்கற ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டினவர், கார் பக்கவாட்டுல வழுக்கிட்டு இருக்கும்போதே அது ஏன் வழுக்குதுன்னு அமைதியா விளக்கிட்டே போவார். ஹாரி மெட்கால்ஃப் ஒரு விவசாயி, 1998ல ஆரம்பிச்ச ஈவோ பத்திரிகைக்கு காரணமானவர், தன் சொந்த காரை வருஷக்கணக்கா வச்சிருந்து சர்வீஸுக்கு என்ன ஆச்சு எது உடைஞ்சதுன்னு பில்லோட பேசுவார். அமெரிக்காவுல டக் டிமியூரோ ரேஸ் டிரைவரே இல்ல, முன்னாடி போர்ஷே ஆஃபீஸ்ல வேலை பாத்தவர், கதவு கைப்பிடி எங்க இருக்கு, கப் ஹோல்டர் ஏன் இப்படி, மெனு எத்தனை அடுக்குன்னு நிதானமா காட்டுவார், கடைசில பத்து விஷயத்துக்கு பத்து பத்து மார்க் போட்டு நூத்துக்கு கூட்டுவார். எல்லா காருக்கும் அதே பத்து விஷயம்தான், அதனால அவர் மார்க் உங்களுக்கு பிடிக்கலைனாலும் அவரோட தராசு மாறலைன்னு தெரியும். இவங்க யாரும் மூஞ்சியால வரல. அண்ணன் சொன்னதை அங்கயே விட்டுடுங்க.

இங்கிலீஷ் விஷயமும் அப்படித்தான். உங்க ஒர்க்‌ஷாப்ல "இழுவை கம்மி", "ஸ்டியரிங் கனமா இருக்கு", "பெடல் ஆழமா போகுது", "பின்பக்கம் துள்ளுது", "வண்டி கைக்கு அடங்குது" இப்படி பேசறீங்கல்ல, இது ஒவ்வொண்ணும் ஒரு துல்லியமான டெக்னிக்கல் வார்த்தை. இந்த தமிழ்ல, சீட்டுக்கு பின்னாடி என்ஜின் இருக்கற ஒரு மிட் என்ஜின் காரை பத்தி 15 நிமிஷம் பேச உங்களால முடியும்.

நம்பர் சொன்னா சரிபாத்து சொல்லுங்க

இதை கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா வீடியோங்கறது எவ்வளவு பெரிய ஆயுதம்னு நிறைய பேருக்கு புரியல. 2020 அக்டோபர்ல எஸ்எஸ்சிங்கற அமெரிக்க கம்பெனி, தன்னோட டுவாடாரா கார் நெவாடால ஒரு ஹைவேல ரெண்டு பக்கம் ஓடி சராசரி மணிக்கு 508 கிமீ தொட்டுச்சுன்னு அறிவிச்சாங்க, வீடியோவும் போட்டாங்க. அதே ரோட்டுல 2017ல கோனிக்செக் அகெரா ஆர்எஸ் 447 கிமீ சராசரி எடுத்திருந்தது. கார் யூடியூபர்கள் சில பேர் உக்காந்து ரெண்டு வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரோட்டோரத்துல தெரியற ரெண்டு அடையாளத்துக்கு நடுவுல எத்தனை செகண்ட் ஆகுதுன்னு எண்ணினாங்க, தூரத்தை மேப்ல அளந்தாங்க, வேகம் ஒத்து வரல. பெரிய லேப் கிடையாது, ஸ்டாப்வாட்ச்சும் பொறுமையும் மட்டும்தான். கடைசில 2021ல கம்பெனியே அந்த வேகம் போகலைன்னு ஒத்துக்கிட்டாங்க. எனக்கு இந்த தொழில்ல பெருமையா இருக்கற சம்பவம்னா இதுதான்.

அதனால 0 டு 100 எவ்வளவுன்னு சொல்றப்போ யார் அளந்தது, எதுல அளந்ததுன்னு சேத்து சொல்லுங்க. டேஷ்போர்டு ஸ்பீடோமீட்டரை நம்பாதீங்க, உண்மையான வேகத்தை விட குறைச்சு காட்டக்கூடாது, கூட காட்டலாம்னுதான் ஐரோப்பால விதியே இருக்கு. அமெரிக்க பத்திரிகைகள் கார் முதல் ஒரு அடி நகர்ந்தப்புறம்தான் டைம் எண்ண ஆரம்பிப்பாங்க, அதுலயே கால் செகண்ட் கிட்ட குறைஞ்சிடும், அது தெரியாம அந்த நம்பரையும் கம்பெனி நம்பரையும் பக்கத்துல போட்டு "இது அதை அடிச்சிடுச்சு"ன்னு சொல்றவங்க நிறைய. அளக்க வழி இல்லைன்னா "கம்பெனி சொல்றது இவ்வளவு, நான் அளக்கல"ன்னு சொல்லிடுங்க, அதுல கௌரவம் ஒண்ணும் குறையாது.

கார் குடுக்கறவர் கண்டிஷன் போட்டா

இங்கதான் நீங்க தப்பா நினைச்சிருக்கீங்க. "நல்லதா சொன்னாத்தான் அடுத்த கார் கிடைக்கும்"னு எழுதிருக்கீங்க. குறுகிய காலத்துக்கு அது உண்மைதான், பொய் சொல்ல விரும்பல. கிறிஸ் ஹாரிஸ்ங்கற பிரிட்டிஷ் ரிவ்யூவர் 2011ல, டெஸ்டுக்குன்னு ஃபெராரி குடுக்கற கார்கள் சாதா கஸ்டமர் கார் மாதிரி இருக்கறதில்ல, டெஸ்ட் நடக்கற டிராக்குக்கு ஏத்த மாதிரி தயார் பண்ணிட்டு வர்றாங்கன்னு வெளிப்படையா எழுதினார். கொஞ்ச காலம் அவருக்கு ஃபெராரி கதவு மூடிருந்தது. அப்புறம் திறந்தது, அவரும் ஓட்டினார், 2016ல பிபிசியோட பெரிய கார் நிகழ்ச்சியான டாப் கியருக்கே போனார். கதவு மூடிருந்த காலத்துலதான் "இந்த ஆள் சொன்னா நம்பலாம்"னு ஜனங்க முடிவு பண்ணாங்க.

என் கதை வேற. வேலைக்கு சேந்து மூணாவது வருஷம், ஒரு கம்பெனி டிக்கெட் போட்டு வெளிநாடு கூட்டிட்டு போச்சு, நல்ல ஹோட்டல், மறுநாள் டிராக்ல இன்ஸ்ட்ரக்டர் கார் பின்னாடி மூணே ரவுண்டு. வந்து நாலு பக்கம் புகழ்ந்து எழுதினேன். எழுதினது எதுவும் பொய் இல்ல, ஆனா அந்த மூணு ரவுண்டுல தெரியாதது என்னன்னு நான் எழுதல. எட்டு மாசம் கழிச்சு ஒரு டாக்டர் லெட்டர் போட்டார், என் கட்டுரைய நம்பி வாங்கினாராம், அவர் தெரு முனைல இருக்கற ஸ்பீட் பிரேக்கர்ல ஒவ்வொரு தடவையும் மூக்கு தட்டுது, முன்பக்கத்தை தூக்கற ஆப்ஷன்னு ஒண்ணு இருக்குன்னே தனக்கு தெரியாது, "நீங்க ஒரு வரி சொல்லிருக்கலாமே சார்"னு. திட்டவே இல்ல. அந்த லெட்டர் இன்னும் என் டிராயர்ல இருக்கு.

அதனால பனியன் கம்பெனி அண்ணாச்சிகிட்ட இப்படி பேசுங்க: "அண்ணா, வீடியோவ முன்னாடியே காட்டறேன். வருஷம், விலை, ஆப்ஷன் ஏதாவது தப்பா சொல்லிருந்தா மாத்திடறேன். உங்க வீடு, நம்பர் பிளேட், குடும்பத்துல யாராவது தெரிஞ்சா மறைச்சிடறேன். வண்டிய பத்தி என் கருத்தை மட்டும் மாத்த மாட்டேன்." நியாயமான மனுஷன்னா ஒத்துக்குவார். ஒத்துக்கலைன்னா அந்த ஞாயித்துக்கிழமைய விட்டுடுங்க, மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனாலும் விட்டுடுங்க.

டீடெய்லிங் கடைக்காரர் கேக்கறது இன்னும் ஆபத்து. காசு வாங்கறதுல தப்பே இல்ல, மறைக்கறதுதான் தப்பு. விளம்பர தர கவுன்சில் 2021லயே இதுக்கு விதி போட்டாச்சு, நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரில தெளிவா சொல்லிருக்கு: காசோ, இலவச பொருளோ, ட்ரிப்போ வாங்கிருந்தா பாக்கறவருக்கு புரியற மாதிரி, வீடியோ எந்த மொழில இருக்கோ அதே மொழில சொல்லணும். ஆளை ஏமாத்தற விளம்பரம்னு முடிவாச்சுன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல முதல் தடவை 10 லட்சம் வரைக்கும், திரும்ப பண்ணா 50 லட்சம் வரைக்கும் அபராதம் போட இடமிருக்கு. உங்க 40,000 ரூபாய்க்கு இது தேவையா? "இந்த வீடியோக்கு இவங்க காசு குடுத்திருக்காங்க"ன்னு ஆரம்பத்துலயே தமிழ்ல சொல்லிட்டு வாங்கிக்குங்க. அவர் அதுக்கு சம்மதிக்கலைன்னா அவருக்கு வேண்டியது உங்க வீடியோ இல்ல, உங்க மேல ஜனங்க வைக்கப்போற நம்பிக்கை.

ரோடு, இன்ஷூரன்ஸ்

"அவினாசி ரோடு ஃப்ளைஓவர்ல விடியக்காலைல ஒரு டாப் ஸ்பீடு"ன்னு எழுதிருக்கீங்க. வேண்டாம் தம்பி. பொது ரோட்டுல வேக சோதனை பண்றது மோட்டார் வாகன சட்டம் 189வது பிரிவுல வருது, முதல் தடவைக்கே 3 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லைன்னா 5,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட போடலாம். அதுக்கு ஆதாரத்தை நீங்களே படம் புடிச்சு குடுக்கறீங்க. 2023ல காஞ்சிபுரம் பக்கம் ரோட்டுல வீலிங் பண்ணி விழுந்த பைக் யூடியூபர் கேஸ் உங்களுக்கே தெரியும், லைசென்ஸ் 10 வருஷத்துக்கு போச்சு.

அதை விட பெரிய குழி இன்ஷூரன்ஸ். அவரோட பிரைவேட் கார் பாலிசிய வாங்கி படிங்க, எதுக்கெல்லாம் வண்டிய பயன்படுத்தக்கூடாதுங்கற இடத்துல வாடகைக்கு விடறது, ரேஸ், வேக சோதனை எல்லாம் இருக்கும். நீங்க நாள் வாடகைன்னு அவருக்கு காசு குடுத்தாலும் சிக்கல், ஃப்ளைஓவர்ல பறந்து இடிச்சாலும் சிக்கல். அப்படி ஒரு வண்டிக்கு முன் பம்பர் விலைய உங்களால தாங்க முடியாது. யார் ஓட்டறது, எந்த ரோடு, எவ்வளவு நேரம், ஏதாவது ஆனா செலவு யாரோடதுன்னு ஒரு பக்கத்துக்கு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. இல்லைன்னா அவரே ஓட்டட்டும், நீங்க பக்கத்து சீட்ல இருந்து பேசுங்க. அதுலயும் முக்கால்வாசி ரிவ்யூ வந்துடும். வேகம் வேணும்னா டிராக் இருக்கு, இருங்காட்டுக்கோட்டை, உங்க பக்கத்துலயே கரி மோட்டார் ஸ்பீட்வே, சொந்த வண்டிய டிராக்ல ஓட்ட விடற டிராக் டேல பதிஞ்சு, அதுக்கு என்ன கவர் உண்டுன்னு கேட்டுட்டு போங்க.

டிராக்லயும் பத்திரம்னு எழுதி குடுக்க முடியாது. ஆண்ட்ரூ ஃப்ளின்டாஃபை நம்மளுக்கு சென்னை கிரிக்கெட் டீம்ல ஆடினவராத்தான் தெரியும், 2022 டிசம்பர்ல இங்கிலாந்து டன்ஸ்ஃபோல்ட் டிராக்ல அதே டாப் கியருக்கு கார் ஷூட்டிங் பண்ணும்போது முகத்துல மோசமா அடிபட்டு, பிபிசி அந்த நிகழ்ச்சியையே நிறுத்தி வச்சது. ஆம்புலன்ஸ், பாதுகாப்பு ஆள்னு எல்லாம் இருக்கற பெரிய ஷூட்டிங்லயே அப்படின்னா, நீங்களும் உங்க ஃப்ரெண்டும் ஒரு கேமராவும் மட்டும் இருக்கற இடத்துல எவ்வளவு கவனமா இருக்கணும்னு யோசிங்க.

வேலை, லோன், அம்மா

துபாய் பிளானை இப்போதைக்கு மூட்டை கட்டிடுங்க. வாடகை சூப்பர்கார் நூறு பேர் கைல அடிபட்ட வண்டி, டயர், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் எந்த நிலைல இருக்கும்னு சர்வீஸ் அட்வைசரான உங்களுக்கு நான் சொல்லணுமா? டெபாசிட், கிமீ லிமிட், ஊர் முழுக்க ஸ்பீடு கேமரா. அதை ஓட்டிட்டு வந்து "ஹுராக்கான் இப்படித்தான்"னு சொன்னா அந்த ஒரு வண்டிய பத்தி சொன்னதுதான். 3 லட்சம் கடன்ல எடுத்த வீடியோல உங்களால தைரியமா குறை சொல்லவும் முடியாது, அடுத்த மாச இஎம்ஐ உங்க பின்னாடி நின்னு பாத்துட்டே இருக்கும்.

வேலைய விடாதீங்க. சேனலுக்கு முதலீடே அதுதான். தினமும் பத்து வண்டி, பத்து டிரைவர், பத்து விதமான புகார், இதெல்லாம் வெளிய எங்கயும் காசு குடுத்தாலும் கிடைக்காது. ஆனா உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து வெளி வேலை பத்தியும், கஸ்டமர் விவரம் பத்தியும் என்ன போட்டிருக்குன்னு பாருங்க, அந்த ஹுராக்கான் ஓனர் உங்க ஷோரூம் கஸ்டமர்ங்கறதை மறக்காதீங்க, மேனேஜர்கிட்ட முன்னாடியே சொல்லி ஒரு மெயில்ல சம்மதம் வாங்கிடுங்க. அம்மாவுக்கு பயம் கார் மேல இல்ல, லோன் மேலயும் வேகத்து மேலயும்னு நினைக்கறேன். அந்த ரெண்டையும் எடுத்துட்டேன்னு நேரா போய் உக்காந்து சொல்லுங்க.

அப்பாவோட பழைய மாருதி ஆம்னி ஷெட்ல நிக்குதுன்னு ஒரு வரி எழுதிருந்தீங்க, "அதெல்லாம் யார் பாப்பாங்க"ன்னு. யோசிச்சு பாருங்க, அதுல என்ஜின் முன் சீட்டுக்கு அடில, தள்ளுறது பின் சக்கரம், நம்ம ஊர் ஆள் கைக்கு எட்டின வண்டில இப்படி ஒரு அமைப்பு எத்தனை இருக்கு? தொடைக்கு ஏன் சூடு வருது, முன் சக்கரத்து மேலயே உக்காந்தா வளைவுல ஏன் அப்படி ஒரு உணர்வு, காலியா இருக்கும்போது பின்பக்கம் ஏன் துள்ளுது, நாலு பேர் ஏறினா ஏன் அடங்குது, ஹுராக்கான்ல அதே என்ஜின் சீட்டுக்கு பின்னாடி போனதும் என்ன மாறுது. 12 நிமிஷம், ம்யூசிக் போடாம, மொபைல்ல எடுத்தா போதும், மைக் மட்டும் ஒண்ணு நல்லதா வாங்கிக்குங்க, என்ஜின் சத்தத்துல உங்க குரல் முழுகக்கூடாது. அண்ணாச்சியோட ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி இதை எடுத்து எனக்கு அனுப்புங்க. நிமிஷம் நிமிஷமா பாத்து, எங்க காரணம் சொன்னீங்க, எங்க வெறும் "சூப்பர்"னு சொல்லிட்டு போயிட்டீங்கன்னு குறிச்சு அனுப்பறேன்.